மலைச்சரிவு வைனும் இரண்டு கரண்டி மாவும்

வைனைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றுமில்லை. பூசையில் குருவானவர் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டும்போது வாங்கிலிருந்து பார்த்ததோடு சரி. எங்கள் பங்கில் சனத்துக்கு நற்கருணை அப்பம் மட்டும்தான். கிண்ணம் பீடத்தை விட்டு இறங்காது. அப்படிப்பட்ட நான், உலகமெல்லாம் பேர் போன ஒரு வைனைக் கெடுத்தேன். கெட்டது வைன் மட்டும் என்றால் பகிடியாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

நான் பி.எஸ்.டபிள்யூ. வீடு வீடாகப் போய், ஏலாத வயதானவர்களைக் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டுகிற வேலை. ரொறொன்ரோவின் கிழக்குக் கோடியில், ஸ்காபரோ மல்வேர்னில் இருக்கிற என்னை, நகரத்தின் மறுபக்கம் சென் கிளயர் மேற்கில் ஒரு வீட்டுக்குப் போட்டிருந்தார்கள். பஸ், சப்வே, இன்னொரு சப்வே, பிறகு ஸ்ட்ரீட்கார். "உமக்கு ஸ்காபரோவில ஒரு கிழவனும் கிடைக்கேல்லையோ?" என்று என் கணவர் ஒவ்வொரு நாளும் கேட்பார். உண்மையில் எனக்கு அந்த வீடு பிடித்திருந்தது. அதைச் சொன்னால் இன்னும் பகிடி பண்ணுவார் என்று சொல்லவில்லை.

அந்த வீட்டுப் பெரியவர் இத்தாலிக்காரர். இளவயதில் கனடாவுக்கு வந்து, கொங்கிறீட் ஊற்றுகிற வேலை செய்து, இந்த நகரத்துப் பாதி நடைபாதை என்னுடையது என்று வீறாப்புப் பேசுகிறவர். மனைவி போய்விட்டார். ஒரே மகள் வேலைக்குப் போகிற நேரத்தில் நான் பார்த்துக்கொள்வேன். ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்ததோடு விழுங்குகிற பக்குவமும் கெட்டுவிட்டது. தண்ணீர் மாதிரி ஓடுகிற எதைக் கொடுத்தாலும் வயிற்றுக்குப் போகாமல் சுவாசப்பைக்குள் இறங்கிவிடும். அப்படி இறங்கி நியுமோனியா வந்து இரண்டு முறை ஆசுப்பத்திரியில் கிடந்தார். அதனால் பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தண்ணீர், கோப்பி, சூப் எதுவானாலும் தடிப்பாக்குகிற மா கலந்து, தேன் பதத்துக்கு வந்த பிறகுதான் கரண்டியால் கொடுக்க வேண்டும். ஒரு கிளாஸுக்கு ஒரு கரண்டி மா.

"பிள்ளை, உது கோப்பியில்லை. சுவருக்குப் பூசுற சாந்து," என்பார். பிறகு கொங்கிறீட் வேலையில் எத்தனை பங்கு மணல், எத்தனை பங்கு சீமெந்து என்று எனக்குச் சொல்லித் திட்டுவார். திட்டிவிட்டு வாயைத் திறப்பார். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் இரண்டுமே அரைகுறை. அவர் சொன்னதை என் காது எந்தத் தமிழில் வாங்கியதோ அந்தத் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

அவருக்கு ஒரு தம்பியார் இருந்தார். இத்தாலியில், வைன் செய்கிறவர். சும்மா செய்கிறவர் இல்லை. ஒருநாள் பஸ்ஸில் போகும்போது போனில் தேடிப் பார்த்தேன். தொப்பி போட்ட சின்ன மனிதர் ஒருவர், பின்னால் கல்லும் கொடியுமாக ஒரு மலைச்சரிவு, கீழே புகழ்ச்சிக்கு மேல் புகழ்ச்சி. அந்தச் சரிவு சகோதரர் இருவருக்கும் தகப்பன் விட்டுப்போன காணி. தகப்பன் செத்தபோது பெரியவர் ஏற்கெனவே ரொறொன்ரோவில். தம்பியார் கடிதம் போட்டாராம்: உன் பங்கை எனக்கு எழுதித் தா, மற்றக் காணிப் பழங்களோடு கலக்காமல் இந்த ஒரு சரிவின் பழத்தில் மட்டும் சிவப்பு வைன் செய்யப்போகிறேன். பெரியவர் கையெழுத்தைப் போட்டு, கீழே ஒரு வரியும் எழுதி அனுப்பினார். "உந்தக் கல்லுக்காட்டு வைனை நீ மட்டும்தான் குடிப்பாய்."

அந்த ஒரு வரியை இரண்டு பேரும் மறக்கவில்லை. தம்பியார் ஒவ்வொரு வருஷமும் ஒரு போத்தல் அனுப்புவார். பெரியவர் அதைத் திறக்காமல் கலியாண வீட்டுக்கோ ஞானஸ்நான வீட்டுக்கோ பரிசாகக் கொடுத்துவிடுவார். தான் நிலவறையில் செய்த வைனைத் தேத்தண்ணிக் கிளாஸில் குடிப்பார். "சித்தப்பா போனில் கேட்பார், எப்படி இருந்தது என்று," என்று மகள் எனக்குச் சொன்னாள். "அப்பா ரொறொன்ரோவில் பனி எவ்வளவு என்று கதைக்கத் தொடங்கிவிடுவார். உலகம் முழுக்க நல்லது என்று சொன்னது சித்தப்பாவுக்குக் காணாது. அப்பா வாயால் அந்த ஒரு சொல் வரவேண்டும்." வீம்பு என்றால் இதுதான் வீம்பு. எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பெரியவர் மாறினார். குடிக்க முடிந்த காலமெல்லாம் குடிக்காமல் இருந்துவிட்டு, முடியாமல் போனதும் கேட்கத் தொடங்கினார். "அவன்ரை வைனை ஒருக்கா வாயில வைச்சுப் பாக்கவேணும். ஒரே ஒருக்கா. அந்தச் சரிவு எனக்குத் தெரியும் பிள்ளை. அவன் சரியாச் செய்தவனோ இல்லையோ எண்டு எனக்குத்தான் தெரியும்."

அந்த இலையுதிர் காலத்தில் தம்பியார் நகரத்தின் நடுவில் ஒரு ஹோட்டலுக்குத் தன் வைனைக் காட்ட வந்தார். மறுநாள் காலை தமையனைப் பார்த்துவிட்டு விமானம் ஏறுவதாக ஏற்பாடு. மகள் குடும்ப டொக்டரிடம் கேட்டு, கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்று அனுமதி எடுத்தாள். எனக்கு இரண்டு முறை சொன்னாள். "மா போடாமல் ஒரு துளியும் வேண்டாம். அவர்கள் இரண்டு பேரும் உங்களை மயக்கப் பார்ப்பார்கள்." நான் தலையாட்டினேன். ஒழுங்காக வேலை செய்கிறவள் என்று எனக்குப் பேர் இருந்தது, எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

தம்பியார் பத்தரைக்கு வந்தார். படத்தில் பார்த்ததைவிடச் சின்ன ஆள். எழுபதைத் தாண்டியவர். தமையனின் கன்னம் இரண்டிலும் கொஞ்சி, விழுந்த கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு சூட்கேஸைத் திறந்தார். போத்தல் ஒரு சுவெட்டருக்குள் சுற்றியிருந்தது. இரண்டு பெரிய வைன் கிளாஸ்களைக் காலுறைகளுக்குள் சொருகிக் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்து, ஊற்றாமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டார். அது மூச்சுவிட வேண்டுமாம். நோயாளிக்கு ஒட்சிசன் கொடுக்கிற மாதிரிப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அதற்குள் பெரியவருக்கு முகம் சவரம் செய்து, நல்ல சேட் ஒன்று போட்டுவிட்டேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து ஊற்றினார். கறுத்த சிவப்பு என்று நினைத்திருந்தேன். இல்லை, பழைய செங்கல் மாதிரி ஒரு நிறம், கிளாஸின் மறுபக்கம் தெரிந்தது. கிளாஸைத் தமையனின் மூக்கடியில் பிடித்தார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு மணந்தார். திரும்பவும் மணந்தார். ஏதோ சொன்னார், தம்பியார் சட்டென்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு எனக்காகப் பெரியவர் இங்கிலீஷில் சொன்னார்.

"அதுதான் பிள்ளை. அந்தச் சரிவுதான். இப்ப வாயில வை."

இனி என் வேலை. மா டப்பாவைக் கொண்டுவந்தேன். ஒரு கரண்டியை மட்டமாக வழித்து, வைனுக்குள் போட்டுக் கலக்கினேன். மா விழும்போது தம்பியாரின் முகம் போன போக்கை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். ஒருவருடைய பிள்ளைக்கு அவர் முன்னாலேயே ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. கலக்கினேன், கலக்கினேன், தடிக்கவே இல்லை. கோப்பி என்றால் ஒரு நிமிஷத்தில் பதம் வந்துவிடும். இது கரண்டியைத் தூக்கினால் தண்ணீராக ஓடியது. இரண்டு கிழவர்களும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பதத்தில் கொடுத்தால் நெஞ்சுக்குள் போய்விடும் என்ற பயம் ஒன்றுதான் தலைக்குள் இருந்தது. இன்னொரு கரண்டி போட்டேன்.

அதற்குப் பிறகு பெரியவரை நிமிர்த்தி இருத்தி, தலையணையை முண்டு கொடுத்து, கழுத்தில் துவாயைக் கட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் கரண்டி கிளாஸுக்குள் நேரே நின்றது. செங்கல் நிறம் போய், சேறு கலந்த ரோசா நிறத்தில் ஒரு பசை.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். ஐயா, பிழையாகிவிட்டது, இன்னொரு கிளாஸ் ஊற்றுங்கள் என்று ஒரே ஒரு வசனம். வாய் வரவில்லை. கடல் தாண்டிச் சுவெட்டருக்குள் சுற்றிக் கொண்டுவந்த போத்தல். அதில் ஒரு கிளாஸை வீணாக்கிவிட்டு இன்னொன்று கேட்கக் கூச்சம். எங்கள் வளர்ப்பு அப்படி. இன்னொருவர் வீட்டில் எதையும் இரண்டாம் முறை கேட்கக் கூடாது. தடிப்புக் கூடினால் ஆபத்தில்லை, குறைந்தால்தான் ஆபத்து என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு முதல் கரண்டியை ஊட்டினேன்.

பெரியவர் வாயை மூடினார். நாக்கால் புரட்டினார். விழுங்கினார். வாயைத் திறந்து இரண்டாம் கரண்டியும் வாங்கினார். அதையும் விழுங்கினார். தம்பியார் கதிரையின் விளிம்பில் இருந்தார்.

பெரியவர் தம்பியைப் பார்த்து ஒரு வசனம் சொன்னார். எனக்கு மொழி விளங்கவில்லை, ஆனால் தம்பியாரின் முகம் விளங்கியது. பெரியவர் என் பக்கம் திரும்பினார். "மா எனக்குத் தெரியும் பிள்ளை. மா போட்ட கோப்பியிலும் கோப்பி இருக்கும். இதுக்குள்ள ஒண்டும் இல்லை. மணம் மட்டும் இருக்கு. சரிவு செத்துப்போச்சு."

தம்பியார் என் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். அந்தப் பசையில் கொஞ்சம் எடுத்துத் தன் வாயில் வைத்தார். வைத்த உடனே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார். கத்தப்போகிறார் என்று நான் நின்றேன். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் தமையனிடம் மெதுவாக ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். கையால் மேலேயிருந்து கீழே மழை பெய்கிற மாதிரிக் காட்டினார். பெரியவர் நல்ல கையால் அவருடைய முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். நான் ஓடிப்போய், புதிதாக இன்னொரு கிளாஸ் கலக்கித் தரட்டோ என்று கேட்டேன். பெரியவர் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். "காணும்."

விமான நிலையத்துக்குப் போக டாக்ஸி வந்துவிட்டது. வாசலில் தம்பியார் சப்பாத்துப் போடும்போது நான் பின்னாலேயே போனேன். அழுகை வந்தது. "ஐயா, என்ரை பிழை. நான் ரெண்டு கரண்டி போட்டிட்டன். இப்பவே போய் அவருக்குச் சொல்லுறன்."

"சொன்னால் என்ன நடக்கும்?" என்று கேட்டார். அவருடைய இங்கிலீஷ் என்னுடையதைவிட நல்லது. "மா இல்லாமல் தா என்று கேட்பார். நீங்கள் குடுப்பீங்களோ?"

"இல்லை."

"நான் குடுத்தால் பாத்துக்கொண்டு நிப்பீங்களோ?"

"இல்லை, ஐயா."

"அப்ப அந்த வருஷம் மழை கூடிப்போச்சு," என்றார். "அப்படித்தான் அவருக்குச் சொன்னனான். என்ரை பிழை எண்டு சொன்னனான்." சப்பாத்துக் கயிற்றை முடிந்துகொண்டு எழும்பினார். என்னுடைய தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டு எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

பஸ்ஸில் வரும்போது, என்னோடு வேலை செய்த அக்கா ஒருவருக்குப் போன் எடுத்தேன். இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறவர். "ஐயோ, ரெண்டாம் கரண்டி போட்டனீரோ?" என்றார். "சோடா, ஜூஸ், வைன் எல்லாம் உடனே தடிக்காது. கலக்கிப்போட்டு அஞ்சு பத்து நிமிஷம் பொறுக்கவேணும். புதுசா வாற எல்லாரும் விடுற பிழைதான், விடும்." நான் புதிதாக வந்தவள் இல்லை. ஆனால் அதுவரை ஒருவருக்கும் நான் வைன் கலக்கிக் கொடுத்ததில்லை. மகளுக்கு உண்மையைச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று பெரியவருக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. அவரை நான் ஒவ்வொரு நாளும் குளிக்க வார்த்தேன்.

இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு காலை, சவரம் செய்துகொண்டிருக்கும்போது பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "நான் அவனுக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. அவன்ரை முகத்தைப் பாத்தனியோ? கிழவனாப் போனான் பிள்ளை. போனை எடு."

எடுத்துக் கொடுத்தேன். தான் என்ன சொல்லப்போகிறார் என்று முதலில் எனக்குச் சொன்னார். நீ போன பிறகு அன்றைக்கே இந்தப் பிள்ளையிடம் திரும்பக் கேட்டுக் குடித்தேன், முதலில் வாய் சரியில்லை, பிறகு பிடிபட்டது. எல்லாம் பொய். பொய் சொல்லத் தெரியாத மனிசன், ஒத்திகை பார்த்துக்கொண்டு பொய் சொன்னார். பிறகு அந்தச் சொல்லையும் சொன்னார். நல்லது. அவர்களுடைய மொழியில் அந்த ஒரு சொல் எனக்கும் விளங்கும். மூன்று முறை சொன்னார். பிறகு தம்பியார் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். ஸ்பீக்கரை நிற்பாட்டிவிட்டுக் காதில் வைத்தேன்.

"உண்மையா அவர் திரும்பக் குடிச்சவரோ?"

பெரியவர் சவர நுரையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றேன்.

"எத்தினை கரண்டி மா?"

"ஒண்டு. ஒண்டுதான் போட்டனான்."

அவர் அழுதார். வயதான ஆம்பிளை, உலகம் மெச்சுகிற ஒருவர், சென் கிளயரில் துவாயோடு நிற்கிற எனக்குக் கேட்கும்படி அழுதார். பிறகு நன்றி சொன்னார். எனக்கு! உடனே இன்னொரு போத்தல் அனுப்புகிறேன், அதே சரிவு, அதைவிட நல்ல வருஷம் என்றார். வேண்டாம் என்று சொல்ல என்ன நியாயம் சொல்வது? பெரியவரிடம் அதைச் சொன்னேன். "வரட்டும். இந்த முறை நீ ஒழுங்காக் கலக்கு," என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போத்தல் நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கிழமை வந்தது. அதற்கிடையில் பெரியவருக்கு மூன்றாம் முறையும் நியுமோனியா வந்து, ஆசுப்பத்திரியில் கிடந்து, வயிற்றில் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பிரிட்ஜில் புதுத் தாள். வாயால் ஒன்றும் இல்லை. தண்ணீர்கூட இல்லை. மா டப்பாவை மகள் எறிந்துவிட்டாள்.

அவர் போத்தலைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். ஒரு மணித்தியாலம் பொறுக்கச் சொன்னார், பொறுத்தேன். வீட்டில் பெரிய கிளாஸ் இல்லை, தேத்தண்ணிக் கிளாஸில் ஊற்றி மூக்கடியில் பிடித்தேன். மணந்தார். பிறகு கிளாஸை என் பக்கம் தள்ளினார்.

"நீ குடிச்சிட்டுச் சொல்லு. எப்பிடி இருக்கு எண்டு சொல்லு."

வேலை நேரத்தில் குடித்தால் வேலை போய்விடும். குடித்தேன். நாவற்பழம் தின்ற மாதிரி நாக்கை இழுத்தது.

"நல்லா இருக்கு," என்றேன்.

"நல்லா எண்டா? பொய் சொல்லாதை. என்ன இருக்கு உதுக்குள்ள?"

"கைக்குது. நாக்கை இழுக்குது."

"ஓம். பிறகு?"

பிறகு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு வாய் குடித்தேன். அவருக்குத் தெரிந்த அந்தக் கல்லையும் சரிவையும் கண்டுபிடிக்க, நற்கருணை வாங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்திருந்தேன். கசப்புத்தான் இருந்தது. வாய் கொஞ்சம் சூடாகியது. அதைச் சொன்னேன். "பிறகு?" என்றார். மூன்றாம் வாயும் குடித்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.